ஆளைப் பார்த்த சந்தோஷத்துலயே உச்சா போகிற குட்டி: என்ன செய்யலாம்?

லட்டு_வீடு · கோயம்புத்தூர்

வணக்கமுங்க. வீட்டுல நாலரை மாச லேப்ரடார் பொட்டைக் குட்டி இருக்குது, பேரு லட்டு. மூணாவது மாடி ஃபிளாட். இடம் பழக்கினதுல குறையே சொல்ல முடியாது. ராத்திரி பூரா அடக்கி வெச்சிருந்து, விடிஞ்சதும் கீழ கூட்டிட்டுப் போனா மண்ணைப் பார்த்துதான் உட்காருவா. பகல்ல பால்கனில விரிச்ச புல் மேட்டுல போயிடுவா.

தொந்தரவு, ஆள் வந்தாத்தான். சாயந்திரம் அவரு காலிங் பெல் அடிச்சாப் போதும், வாலு மட்டுமில்ல, இடுப்புக்குக் கீழ மொத்தமும் ஆடும். கதவைத் திறந்ததும் அவரு ஷூ மேல ஏறி நிப்பா, சொட்டுச் சொட்டா ஒழுகிட்டே இருக்கும். அது அவளுக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன், அதையே மிதிச்சுட்டு ஹாலைச் சுத்தி ஓடுவா. எதிர் வீட்டுப் புள்ளைங்க வந்தாலும் இதே கதை. பையன் (மூணாவது படிக்கிறான்) கயிறு இழுத்து விளையாடும்போதும் சில நாள் நடக்குது.

எங்க அத்தை தினமும் பூஜை பண்றவங்க. ஹாலைத் தாண்டித்தான் பூஜை ரூமுக்குப் போகணும். "நாய் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" தினமும் ஒரு தடவை காதுல விழுது. இதுல வேடிக்கை என்னன்னா, அத்தை கோயிலுக்குப் போயிட்டு வந்தா மட்டும் லட்டு ஒரு சொட்டு விடறதில்ல.

போன வாரம் புது ஷூ நனைஞ்சுதுன்னு அவரு ஒரு சத்தம் போட்டாரு. அதுல இருந்து அவரைக் கண்டாக் காதை மடக்கிட்டுத் தரையோட ஒட்டிட்டு வர்றா. அப்பவும் போகுது, முன்னைக்கு இன்னும் அதிகமாவே. இது வியாதியா, பழக்கமா? எத்தனை மாசத்துல நிக்கும்? தண்ணியைக் குறைச்சாச் சரியாகும்னு பெட் ஷாப்ல சொன்னாங்க, குறைக்கலாமுங்களா?

நாலாவது_மாடி · சென்னை

டயப்பர் போட்டு விடுங்க, வேலை முடிஞ்சுது. (அத்தைக்கு என் வணக்கம்.)

கரிசல்_நாய்க்காரன் · விருதுநகர் பக்கம்

தாயி, எங்க அய்யா காலத்துல இருந்து சிப்பிப்பாறையும் கன்னியும் வளக்குற வீடு எங்க வீடு. ஒரு நாயி ஆளைக் கண்டதும் இப்படி ஒழுக்கினதா நான் பாத்ததே இல்ல. செல்லம் கூடிப்போச்சு, அம்புட்டுத்தான். பேப்பரைச் சுருட்டித் தரையில ஓங்கி ஒரு தட்டு, மூக்கை அந்த எடத்துல காட்டி ஒரு அதட்டு. தன்னால அடங்கிப்போகும். வீட்டுக்குள்ள யாரு பெரியவன்னு நாய்க்குத் தெரியணும்ல.

மாட்டாஸ்பத்திரி · மதுரை

கால்நடை மருத்துவராத்தான் வேலை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

தண்ணியைக் குறைக்க வேண்டாம். வளர்ற குட்டிக்கு எந்நேரமும் கிண்ணத்துல தண்ணி இருக்கணும். சிறுநீர்ப்பை பாதி காலியா இருந்தாலும் இந்தச் சொட்டு வரும், அதனால தண்ணியை நிறுத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் மிச்சம்.

லட்டுவுக்கு இப்ப ரெண்டு சங்கதி கலந்து நடக்குதுன்னு தோணுது. முதலாவது சந்தோஷத்துல போறது. சிறுநீர்ப்பையோட வாயை இறுக்கிப் பிடிக்கிற சுருக்குத் தசையும், அதை ஆளுற நரம்புக் கட்டுப்பாடும் குட்டிக்கு இன்னும் முதிரல. சும்மா இருக்கும்போது பிடிக்கும், உணர்ச்சி எகிறினா விட்டுடும். சிரிச்சுச் சிரிச்சு டவுசரை நனைக்கிற சின்னப் பிள்ளை மாதிரிதான். மண்ணுல போகும்போது உட்கார்றா, ஹால்ல நின்ன நிலையிலயும் ஓடுற ஓட்டத்துலயும் ஒழுகுது பாருங்க, அதுதான் அடையாளம். வேணும்னு செய்யல. அடக்கவும் முடியாது.

ரெண்டாவது சங்கதி, சத்தம் போட்டதுக்கு அப்புறம் வந்து சேர்ந்தது. காது மடங்கி, உடம்பைத் தாழ்த்தி, பார்வையைத் திருப்பிக்கிட்டு வர்றது, 'நான் சின்னவ, என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு நாய்ங்க ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிற முறை. பெரிய நாய் முன்னாடி குட்டிங்க மல்லாந்து ரெண்டு சொட்டு விடறதை நீங்களே தெருவுல பார்த்திருப்பீங்க. அது குத்தம் இல்ல, சமாதானப் பேச்சு. அதுக்குப் போய் அதட்டினா என்ன ஆகும்? இன்னும் பலமாச் சமாதானம் பேசும், அதாவது இன்னும் அதிகமாப் போகும். கரிசல் அண்ணாச்சி மன்னிக்கணும், பேப்பர் தட்டும் மூக்கைக் காட்டறதும் இந்த இடத்துல நேர் எதிராத்தான் வேலை செய்யும். சந்தோஷத்துல மட்டும் போய்க்கிட்டிருந்த குட்டிக்குப் பயத்துலயும் போகக் கத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

இப்ப உங்க அத்தையைக் கவனிங்க. கோயில்ல இருந்து வந்ததும் என்ன செய்யறாங்க? செருப்பைக் கழட்டிட்டு, நாயைப் பார்க்காம, ஒரு வார்த்தை பேசாம, நேரா காலைக் கழுவப் போயிருப்பாங்க. அங்க லட்டுவுக்கு எகிறவும் ஒண்ணும் இல்ல, பயப்படவும் ஒண்ணும் இல்ல. வீட்டுல நாய் வேண்டாம்னு சொன்ன ஒருத்தங்கதான் நாய்கிட்ட சரியா நடந்துக்கிறாங்க. மத்தவங்க எல்லாம் அவங்களைப் பார்த்துப் படிச்சுக்கட்டும்.

பனங்கூடல் · யாழ்ப்பாணம்

டொக்டர் சொன்ன ரெண்டாவது வகைதான் எங்கட வீட்டில. மழைக்குள்ள றோட்டில நிண்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தனாங்கள். ஆரும் கிட்டப் போனால் மல்லாந்து படுத்திடுவாள், அப்பிடியே சலம் போயிடும். என்ர தம்பி நல்ல உயரம், குரலும் பெரிசு. அவன் வாசலில நிண்டாலே காணும்.

இப்ப ஒருத்தரும் அவளுக்கு மேல குனியிறதில்லை, தலையில கை வைக்கிறதும் இல்லை. தம்பி வந்தால் பக்கவாட்டாத் திரும்பிப் படியில இருந்து, எங்கயோ பாத்துக்கொண்டு கையைக் கீழ தொங்க விடுவான். அவளா வந்து மணந்து பாத்தால் நாடியை, இல்லாட்டி நெஞ்சுப் பக்கத்தைச் சொறிஞ்சு விடுவான். வராட்டிப் போகட்டும். சலம் போனால் ஒண்டும் கதைக்கிறதில்லை, "ஐயோ பாவம்" எண்டு கூட இல்லை. அவளை மற்ற அறைக்குக் கூப்பிட்டு விட்டுட்டுத்தான் துடைக்கிறது. அவளுக்கு முன்னால குனிஞ்சு அவசர அவசரமாத் துடைச்சால் அதுக்கும் ஒருக்காப் போவாள்.

இப்ப தம்பியின்ர காலடியில நித்திரை கொள்ளுறாள். புது ஆக்கள் வந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கு.

கரிசல்_நாய்க்காரன் · விருதுநகர் பக்கம்

டாக்டரு படிச்சவரு, மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். எங்க நாயிகளுக்கு இது ஏன் வரல?

நாலாவது_மாடி · சென்னை

அண்ணாச்சி, உங்க குட்டிங்க எங்க வளருது?

கரிசல்_நாய்க்காரன் · விருதுநகர் பக்கம்

தோட்டத்துலதான். வீட்டுக்குள்ள நாயைச் சேக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல.

நாலாவது_மாடி · சென்னை

கரிசல் மண்ணுல ரெண்டு சொட்டு விழுந்தா யாரு கண்ணுல படப்போகுது? இங்க வெள்ளை டைல்ஸ். எறும்பு நடந்தாலே தெரியும்.

கரிசல்_நாய்க்காரன் · விருதுநகர் பக்கம்

அதுவும் சரிதான். போன ஈத்துல ஒரு செவலைக் குட்டி, நான் தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா வேட்டியைக் கடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரும். வேட்டி ஈரமா இருக்கிறதை நான் எச்சின்னு நெனச்சிட்டிருந்தேன்! இருக்கட்டும். ஆனா அதட்டே இல்லாம வேட்டை நாயி வளருமான்னு கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன். அது வேற பேச்சு.

லட்டு_வீடு · கோயம்புத்தூர்

டாக்டர் எழுதினதை அத்தைகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னைக்குச் சாயந்திரம் காபி கொஞ்சம் ஸ்ட்ராங்கா, கேக்காமலே வந்துதுங்க.

அவருக்குத்தான் மனசு ஆறல. "நாள் பூரா ஆபீஸ்ல ஒருத்தனும் நம்மளைப் பார்த்துச் சிரிக்கறதில்ல. வீட்டுக்கு வந்தா இது ஒண்ணுதான் இப்படிக் குதிக்குது. அதையும் பார்க்காம போகணுமா?"ங்கறாரு. பையனும் கேக்க மாட்டேங்கறான். காலிங் பெல்லையே கழட்டிடலாமான்னு யோசிக்கிறேன். 'சிட்' சொல்லி உட்கார வெச்சா நிக்குமா?

மாட்டாஸ்பத்திரி · மதுரை

அவரு சொல்றது நியாயமான வருத்தம். கொஞ்சவே கூடாதுன்னு யாரும் சொல்லல. இடத்தையும் நேரத்தையும் மாத்தினாப் போதும்.

அவரு பார்க்கிங்ல வண்டியை நிறுத்தினதும் உங்களுக்கு ஒரு ஃபோன் போடட்டும். நீங்க லட்டுவைக் கீழ கூட்டிட்டுப் போய், முதல்ல மண்ணுல போக விடுங்க. அதுக்கப்புறம் அவரு வரட்டும். நேரா வராம கொஞ்சம் சுத்தி, பக்கவாட்டா. கண்ணைப் பார்க்க வேண்டாம், பேர் சொல்லவும் வேண்டாம். சும்மா கூடவே நடக்கட்டும். ஆட்டம் குறைஞ்சு, அவ தரையை மோந்து பார்க்க ஆரம்பிச்சதும் உட்கார்ந்து நெஞ்சைச் சொறியலாம், மெதுவாப் பேசலாம். ரெண்டு சொட்டு போனாலும் மண்ணுதானே, யாருக்கும் நஷ்டமில்ல. அந்தச் சந்தோஷத்தை அவரு இழக்கவே வேண்டியதில்ல, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறார், அவ்வளவுதான். அந்த ஷூவைப் பத்தி இனி வீட்டுல பேச்சு எடுக்காம இருந்தா அவளோட பயமும் கரையும்.

பெல்லைக் கழட்ட வேண்டாம். பெல் அடிச்சா ஆள் வருவாங்கங்கிற கணக்கைத்தான் உடைக்கணும். பெல் சத்தத்தை ஃபோன்ல பதிவு பண்ணி, முதல்ல காதுல விழுந்தும் விழாத மாதிரி வையுங்க. சத்தம் வந்ததும் அவளோட சாப்பாட்டுலயே ஒரு பிடி எடுத்துத் தரையில இறைச்சு விடுங்க. யாரும் வர மாட்டாங்க, கதவும் திறக்காது. அவ அலட்டிக்காம தரையைப் பார்க்க ஆரம்பிச்சதும் சத்தத்தைக் கூட்டுங்க. பிறகு நிஜ பெல். எப்பவாச்சும் ஒரு நாள் செய்யறதை விட தினமும் கொஞ்சம் செய்யறது நல்லது.

பையன்கிட்ட "நாயைக் கண்டுக்காதே"ன்னா எட்டு வயசுல அது நடக்காது. அவனுக்கு ஒரு வேலை கொடுங்க. அப்பாவோ விருந்தாளியோ உள்ள வரும்போது, வாசலுக்கு எதிர் மூலையில சாப்பாட்டை இறைக்கிற பொறுப்பு அவனோடது. குட்டி தலையைக் குனிஞ்சு மோந்து மோந்து பொறுக்கும்போது படபடப்பு தானா இறங்கும். குதிக்கவும் முடியாது. கயிறு இழுக்கிறதைச் சின்னச் சின்ன ஆட்டமாப் பிரிச்சு, நடுவுல நிறுத்தி நிறுத்தி, பால்கனிலயோ கீழயோ வெச்சுக்கங்க. டைல்ஸ்ல வழுக்கி விழறதும் லேப்ரடார் குட்டியோட இடுப்பு மூட்டுக்கு நல்லதில்ல, அதுக்காகவும் சொல்றேன்.

'சிட்' பத்தி: எகிறி நிக்கிற நேரத்துல சொன்னா அவ காதுலயே ஏறாது. நீங்க குரலை உயர்த்துவீங்க, மேல குனிவீங்க, ரெண்டாவது வகை வந்து நிக்கும். அமைதியான நேரத்துல, ஆள் யாரும் இல்லாதப்ப சொல்லிக் கொடுங்க. வாசலுக்குப் பிறகு கொண்டு வரலாம். மண்ணுல போனதும் பாராட்டுறீங்கல்ல, அதையும் மெதுவாவே பாராட்டுங்க. கைதட்டினா அதுக்கும் ஒரு தடவை ஒழுகும்.

எப்ப நிக்கும்னு கேட்டீங்க. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயசுக்குள்ள குறைஞ்சு நின்னுடும். இப்ப நாம செய்யறது அதுவரைக்கும் இதைப் பழக்கமாக்கிடாம பார்த்துக்கிறது.

லிஃப்ட்_வாசல் · சிங்கப்பூர்

எங்களோடது டாய் பூடல், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. மண் தரைக்குப் போகவே லிஃப்டுல பதினோரு மாடி இறங்கணும். லிஃப்டுல ஏறுற ஒவ்வொருத்தரும் "ஓ, சோ கியூட்"னு குனிவாங்க, அவ்வளவுதான், லிஃப்ட் தரை ஈரம். இப்ப நான் மூலையைப் பார்த்து நின்னுக்கிட்டு, குட்டியைக் காலுக்கும் சுவருக்கும் நடுவுல நிறுத்தி, தரையில ரெண்டு துண்டு தீனியைப் போட்டுடறேன். யாராவது கொஞ்ச வந்தா, "பயிற்சி நடக்குது, இறங்கினதும் பேசுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லிடறேன். பெரும்பாலும் புரிஞ்சுக்கறாங்க. ஒரு பாட்டி மட்டும் கேக்கவே மாட்டாங்க. அவங்க நிக்கறதைப் பார்த்தா அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன்.

டயப்பர் யோசனை: விருந்தாளி வர்ற ஒரு மணி நேரத்துக்குச் சரி. நாள் முழுக்கப் போட்டா ஈரத்துல தோல் சிவந்து புண்ணாகும், எங்களுக்கு ஆச்சு. குட்டி கத்துக்கிறதும் ஒண்ணும் இல்ல.

லட்டு_வீடு · கோயம்புத்தூர்

இன்னொரு சந்தேகமுங்க. தொடைக்கறதுக்கு ஃபினாயில்தான் ஊத்தறோம். அத்தை அதுக்கு மேல கோமியம் கலந்த தரை கிளீனர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்காங்க, பூஜை ரூம் வழியில தினமும் அதான். சமீபமா லட்டு அந்த வழியில மோந்துட்டே நின்னுட்டு, நிதானமாவே போயிடறா. இது சந்தோஷ உச்சா மாதிரி தெரியல.

மாட்டாஸ்பத்திரி · மதுரை

தெரியாதுதான், ஏன்னா அது இல்ல! மாட்டு மூத்திர வாசம் லட்டுவோட மூக்குக்கு, 'இங்க வேற ஒரு மிருகம் போயிருக்கு'ன்னு ஒரு அறிவிப்பு. அவளும் பதில் எழுதிட்டுப் போறா. நாய் இருக்கிற வழியில அதைத் தவிர்த்துட்டு, பூஜை ரூமுக்கு உள்ள மட்டும் வெச்சுக்கச் சொல்லுங்க. அத்தைகிட்ட இதைச் சொல்றது உங்க சாமர்த்தியம், நான் பொறுப்பில்ல.

ஃபினாயில் மேல வாசத்தை மூடுமே தவிர, சிறுநீரோட வாசத்தை அது உடைக்காது. நமக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். போதாததுக்கு, ஈரமா இருக்கும்போது குட்டி மிதிச்சுட்டுப் பாதத்தை நக்கினா வயித்துக்கும் கெடுதி. அமோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அந்த வாசமே மூத்திர வாசம் மாதிரி இருக்கும். செல்லப்பிராணிக் கடையில என்சைம் கிளீனர் கேளுங்க. முதல்ல துணியால ஒத்தி எடுத்துட்டு, அதை ஊத்தி பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் ஊற விடணும். ஊத்தின உடனே மாப் போட்டு இழுத்தா அது வேலை செய்யறதுக்கே நேரம் இருக்காது. டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமென்ட் பூச்சுதான் உறிஞ்சி வெச்சுக்கும், அங்க கவனமா ஊத்துங்க. கைக்கு ஒண்ணும் கிடைக்கலைன்னா வினிகரும் தண்ணியும் சரிபாதி. மார்பிள், கடப்பா கல் தரைன்னா வினிகர் வேண்டாம், அரிச்சுடும்.

தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுங்களா? எலிக்காய்ச்சல் நோயுள்ள விலங்கோட சிறுநீர் வழியாத்தான் பரவும். நாய்க்குப் போடற கூட்டுத் தடுப்பூசில பெரும்பாலும் அதுவும் அடக்கம், அட்டையைப் பார்த்துக்கங்க. பையன் தொடைக்க உதவி பண்ணினா சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க.

வியாதியான்னு முதல்ல கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லல. ஆள் வரும்போது மட்டும் போய், மத்த நேரம் எல்லாம் ஒழுங்கா இருந்தா வியாதிக்கு வாய்ப்பு குறைவு. ஆனா கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போறது, முக்கறது, ரத்தம் கலந்து வர்றது, அந்த இடத்தை ஓயாம நக்கறது, இதுல எதுவும் இருந்தா சிறுநீர்த் தொற்றா இருக்கலாம். தூங்கி எழுந்தா படுக்கை நனைஞ்சிருக்கு, நடக்கும்போது சும்மாவே ஒழுகுதுன்னா அது வேற. சிறுநீரகத்துல இருந்து வர்ற குழாய் பிறவியிலயே சிறுநீர்ப்பையில சேராம தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பெண் குட்டிகள்ல அது அதிகம், லேப்ரடார், கோல்டன், ஹஸ்கி எல்லாம் அந்தப் பட்டியல்ல வரும். அதுக்கு ஸ்கேன் வேணும். சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, உங்க பக்கத்துக்கு நாமக்கல் கல்லூரி. அப்புறம் தண்ணி குடிக்கிற அளவு: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல தொடர்ந்து போனா டாக்டர்கிட்ட சொல்லணும்.

மனசு கேக்கலைன்னா ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பண்ணிடுங்க, செலவு அதிகமில்ல. காலையில முதல் தடவை போகும்போது, ஆரம்பத்துல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைச் சுத்தமான டப்பால பிடிக்கணும். பொட்டைக் குட்டிக்குக் கீழ டப்பா நீட்டினா எழுந்துடும், நீளமான கரண்டில பிடிச்சு ஊத்திக்கங்க. உடனே லேபுக்குப் போக முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வையுங்க. (அத்தைக்குத் தெரியாம.)

பனங்கூடல் · யாழ்ப்பாணம்

கரண்டி எண்டதும் சிரிப்பு வந்திட்டுது. நாங்கள் ஐஸ்கிறீம் டப்பி மூடியில பிடிச்சனாங்கள். மூடி தட்டை, அவள் பயப்பிடேல்லை.

லட்டு_வீடு · கோயம்புத்தூர்

கொஞ்ச நாளா எழுத முடியலைங்க. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு, தடுப்பூசியும் சரியாத்தான் இருக்கு. அவரு இப்ப பார்க்கிங்ல இருந்து ஃபோன் போட்டுட்டு, வேப்பமரத்துக்கிட்ட நின்னு வானத்தைப் பார்த்துட்டு இருப்பாரு. செக்யூரிட்டி அண்ணன் ரெண்டு தடவை "ஏதாவது தொலைஞ்சுதுங்களா சார்"னு கேட்டுட்டாரு. சத்தம் போட்டதுக்கு அப்புறம் வந்த அந்தப் பயம் முதல்ல போச்சு, காதை மடக்கறதே இல்ல. கீழ மண்ணுல இன்னும் சொட்டறா. ஹால்ல அவருக்காகப் போறது அனேகமா நின்னுடுச்சு.

ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம். அவரோட அண்ணன் குடும்பம் வரும், நாலு பேரும் ஒரே நேரத்துல "லட்டூ"ன்னு கத்திட்டே நுழைவாங்க. சொல்லிப் பார்த்தாச்சு, கேக்கறதில்ல. அதனால அவங்க வர்ற நேரத்துக்கு லட்டு பால்கனில எலும்பு கடிச்சுட்டு இருப்பா (கடையில விக்கிற தோல் எலும்பு), எல்லாரும் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சதும் கயிறு போட்டுக் கூட்டிட்டு வருவேன். பையன் தீனி இறைக்கிற வேலையை ரொம்ப சிரத்தையாப் பண்றான், கூரியர்காரர் வந்தாக்கூட இறைக்கிறான். அத்தை கோமியம் கிளீனரைப் பூஜை ரூமுக்குள்ள வெச்சுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலைங்க, இதையெல்லாம் பையன்தான் படிச்சுக் காட்டியிருக்கான்.

கரிசல்_நாய்க்காரன் · விருதுநகர் பக்கம்

நல்லது தாயி. எடை ஏற விடாதீங்க. லேப்ரடாருக்குத் தீனி இறைச்சே உருளைக்கிழங்கு மூட்டையா ஆக்கிப்புடுவாக.

மாட்டாஸ்பத்திரி · மதுரை

அண்ணாச்சி சொல்றது முழுக்கச் சரி. இறைக்கிற தீனியை அன்னைக்குச் சாப்பாட்டுக் கணக்குல கழிச்சுடுங்க. தோல் எலும்பு வேண்டாம், பெரிய துண்டா விழுங்கினாத் தொண்டையிலயோ குடல்லயோ சிக்கும். ரப்பர் பொம்மைக்குள்ள தயிர் சாதத்தைத் திணிச்சு, ஃப்ரீசர்ல வெச்சுக் கொடுங்க. கோவை வெயிலுக்கும் நல்லது. உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர் சாதம்.

லிஃப்ட்_வாசல் · சிங்கப்பூர்

டாக்டர், போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க பூடல் ஆண், எட்டு மாசம். லிஃப்ட் பிரச்சினை குறைஞ்சுடுச்சு. இப்ப சோஃபா காலை மோந்து பார்த்துட்டு, காலைத் தூக்கிக் கொஞ்சமா விடறான். இதுவும் சந்தோஷம்தானா?

மாட்டாஸ்பத்திரி · மதுரை

இல்லைங்க, அது வயசுக்கு வந்த ஆண் தன் இடத்தைக் குறிச்சு வைக்கிறது. இங்க சொன்ன எதுவும் அதுக்கு உதவாது, என்சைம் கிளீனரைத் தவிர. தனி இழை போடுங்க. கருத்தடை ஆச்சா, வீட்டுல வேற நாய் உண்டா, எந்தெந்த இடத்துல போறான், சோஃபா பழசா வாங்கினதா, இதெல்லாம் அதுல எழுதிடுங்க.